தம்பிக்காகப் போட்ட ஆட்கொணர்வு மனு தள்ளுபடி ஆகிவிடுமா?

கேட்பவர்:
வணக்கம். தம்பி யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்கா வந்து தஞ்சம் கேட்டவன். சித்திரவதை அபாயம் இருப்பதால் இலங்கைக்கு அனுப்பக்கூடாது என்று குடிவரவு நீதிபதி சொல்லிவிட்டார். அந்த உத்தரவு இறுதியாகி ஆறு மாதம் தாண்டியும், வேறு நாடு தேடுகிறோம் என்று லூசியானாவில் அடைத்தே வைத்திருக்கிறார்கள். நான் இருக்கும் மாநிலத்துப் பெடரல் கோர்ட்டில், அட்டர்னி ஜெனரலை எதிர்மனுதாரராகப் போட்டு, நானே கையெழுத்திட்டு 2241 மனு (பெடரல் சட்டப் பிரிவு 2241இன் கீழ் ஆட்கொணர்வு மனு) அனுப்பினேன். ஏன் தள்ளுபடி செய்யக்கூடாது என்று காரணம் கேட்டு உத்தரவு வந்திருக்கிறது. கட்டணமும் கட்டவில்லையாம். எல்லாம் போச்சா?

பதில் 1:
பதறாதீர்கள் அக்கா. கட்டணம் ஐந்தே டாலர். இடம்தான் பிரச்சினை. ஆளை எங்கே அடைத்திருக்கிறார்களோ அந்த மாவட்டக் கோர்ட்டில், அவரைக் கையில் வைத்திருக்கும் வார்டன் மேல் போட வேண்டும் என்பது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2004 படில்லா தீர்ப்பு. குடிவரவுத் தடுப்புக்கும் பெரும்பாலான கோர்ட்டுகள் அதையே பிடிக்கின்றன. லூசியானா கோர்ட்டுக்கு மாற்றித் தரும்படி பதில் எழுதுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே புதிதாகப் போடுங்கள். 2241 மனுவுக்கான ஏஓ 242 படிவத்தைத் தம்பிக்கு அனுப்பி அவரையே கையெழுத்திடச் சொல்லுங்கள். வக்கீல் அல்லாதவர் இன்னொருவருக்காக வாதாட முடியாது, கூடப்பிறந்தவரானாலும்.

கேட்பவர்:
நன்றி. போட்ட பிறகு வேறு முகாமுக்கு மாற்றிவிட்டால்?

பதில் 1:
சரியான கோர்ட்டில் போட்ட பிறகு மாற்றினால் வழக்கு சாகாது. 1944இல், இரண்டாம் உலகப்போரின்போது முகாமில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர் மிட்சுயே எண்டோவின் வழக்கிலேயே தீர்ந்த விஷயம் இது: மனு கலிபோர்னியாவில் போட்டது, அவரை யூட்டாவுக்குக் கொண்டுபோனார்கள், கோர்ட் அதிகாரத்தை விடவில்லை. போடுவதற்கு முன்பே மாற்றினால்தான் சிக்கல். அதனால் தபாலில் சேர்க்கும் அன்று காலையில் ஏ-நம்பரை (குடிவரவுத் துறை தம்பிக்குக் கொடுத்த எண்) போட்டு, ஆள் எங்கே இருக்கிறார் என்று ஆன்லைனில் பார்த்துவிடுங்கள்.

பதில் 2:
மனுவில் என்ன கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். 2020இல் துரைசிங்கம் என்ற இலங்கைத் தமிழர் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். அவர் கேட்டது விடுதலை அல்ல, தஞ்சம் கோர மறுவாய்ப்பு. ஆட்கொணர்வு மனு அதற்கானது அல்ல என்றது கோர்ட். நீங்கள் தஞ்சக் கதையை மறுபடி எழுத வேண்டாம், விடுதலையை மட்டும் கேளுங்கள். அடிப்படை, நாடு கடத்த வழியில்லாதவரைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது என்ற 2001 சாட்விடஸ் தீர்ப்பு. ஆனால் ஆறு மாதம் ஆனதும் கதவு தானாகத் திறக்காது. அண்மை எதிர்காலத்தில் எந்த நாடும் அவரை ஏற்கும் வாய்ப்பில்லை என்பதற்கு முதலில் நீங்கள் காரணம் காட்ட வேண்டும். அப்புறம்தான் மறுக்கும் பாரம் அரசுக்கு. எந்தெந்த நாட்டைக் கேட்டார்கள், என்ன பதில் வந்தது, காவல் மறுபரிசீலனைக் கடிதங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள்.

பதில் 3:
2254 படிவத்தைத் தவறிப்போய் இறக்கிவிடாதீர்கள். அது மாநிலச் சிறைக் கைதிகளுக்கு. ஓராண்டுக் கெடு என்று பலர் பயமுறுத்துவதும் அவர்களுக்கானது.

கேட்பவர்:
சரி. ஐந்து டாலர் மணி ஆர்டர் யார் பெயருக்கு?

பதில் 1:
'கிளார்க், யூ.எஸ். டிஸ்ட்ரிக்ட் கோர்ட்'. தம்பியின் பெயரையும் அதில் எழுதிவிடுங்கள்.