தண்டுவடம் அடிபட்டவங்களுக்கு தனிச்சட்டம் கேக்கணும், யாருகிட்ட போறது?

மேலூர்க்காரன்:
வணக்கம் மக்களே. எங்க சித்தப்பா மகன் கொட்டாம்பட்டி பக்கம் நாலுவழிச் சாலையில பைக்ல விழுந்து தண்டுவடத்துல அடி, இடுப்புக்கு கீழ உணர்ச்சி இல்ல. அன்னைக்கு 108 வந்துச்சு, இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேரம் பைசா வாங்கல, அதுல குறையே சொல்ல மாட்டேன். அதுக்கப்புறந்தான் இருக்கு கூத்து. யூரின் டியூப், ஏர் பெட், பிசியோ, புண்ணுக்கு மருந்துன்னு மாசாமாசம் போகுது, சித்தி கழுத்துல கெடந்தது எல்லாம் அடகுல.

எங்க சுத்துப்பட்டுல இதே மாதிரி படுத்துருக்கவங்க வீட்டு ஆளுக சேந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்கோம், தென்னை மரத்துல இருந்து விழுந்தவரு, கெணத்து வேலைல விழுந்தவரு, மாடு முட்டுனவருன்னு எல்லாரும் இருக்காக. அமெரிக்காவுல கிறிஸ்டோபர் ரீவ்னு ஒரு சினிமா நடிகரு குதிரைல இருந்து விழுந்து கழுத்துக்கு கீழ அசையாம போய்ட்டாரு, அவரு பேர்லயும் மனைவி டேனா பேர்லயும் ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் சேத்து ஒரு சட்டமே இருக்குன்னு படிச்சோம். இங்கயும் அப்படி ஒண்ணு கேக்கணும்னு ஆச. கலெக்டர்கிட்ட மனுவா, எம்எல்ஏவா, இல்ல எம்பியப் புடிச்சு டெல்லில பேச வைக்கணுமா? குரூப்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாய்ங்க.

ஆனையூர் வக்கீல்:
தம்பி, எம்பிகிட்ட போறத கடைசியா வச்சுக்கங்க. அரசியல் சாசனத்துல மாநிலப் பட்டியல் 6வது பதிவு பொது சுகாதாரமும் ஆஸ்பத்திரியும், 9வது பதிவு மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணம். ரெண்டும் சென்னைல முடியுற விஷயம். எம்பி தனிநபர் மசோதா (அரசாங்கம் கொண்டு வராம உறுப்பினரே கொண்டு வர்றது) கொண்டு வருவாரு, வெள்ளிக்கெழம மத்தியானம் பேசுவாய்ங்க, அம்புட்டுதான். அப்படி ஒரு மசோதா ரெண்டு சபையும் தாண்டி சட்டமானது கடைசியா 1970ல. திருநங்கையர் உரிமைக்காக திருச்சி சிவா கொண்டு வந்தது 2015ல மாநிலங்களவைல பாஸ் ஆச்சு, அதுவே மக்களவைல நின்னுபோச்சு. எம்எல்ஏ தனியா கொண்டு வரலாம்னு பாத்தா, அரசு கஜானால இருந்து செலவு வைக்கிற மசோதான்னா 207வது பிரிவு குறுக்க நிக்கும், கவர்னர் பரிந்துரை இல்லாம நிறைவேத்த முடியாது, அந்தப் பரிந்துரை அரசாங்கம் மனசு வச்சாத்தான் வரும்.

இன்னொண்ணு, சட்டம் இல்லாம இல்ல. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்த எடுத்துப் பாருங்க. 27வது பிரிவு மறுவாழ்வு, 28 ஆராய்ச்சி, 88 மாநில நிதியம். எல்லாம் எழுதியிருக்கு, பக்கத்துல தொகைதான் இல்ல. அதனால "தனிச்சட்டம் வேணும்"னு தலைப்பு போட்டு மனு குடுத்தா "ஏற்கனவே சட்டம் உள்ளது"ன்னு ஒரு வரில பதில் வந்துரும், பாத்துருக்கேன். அரசாணையும் பட்ஜெட்ல தனித் தலைப்பும் கேளுங்க.

உசிலை பிசியோ:
வக்கீல் சார் சொல்றது சரி, ஆனா ஆராய்ச்சிய ஏன் இதுல இழுக்குறீங்கன்னு எனக்குப் புரியல. நான் வீடு வீடா போற ஆளு. தண்டுவடம் அடிபட்டவங்கள கொண்டு போறது அந்த அடி இல்ல, படுக்கைப் புண்ணும் யூரின் இன்பெக்சனும்தான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பொரட்டிப் போட ஆள் இருந்தா, டியூப் சுத்தமா இருந்தா பாதி பேர் ஆஸ்பத்திரி பக்கமே போக வேணாம். மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோ வீட்டுக்கு வர்றது நல்ல விஷயந்தான், ஒரு ஒன்றியத்துக்கு இருக்குற ஆள வச்சுக்கிட்டு எத்தன வீடு ஏறுறது.

பணத்துக்கு வருவோம். இங்க பராமரிப்பு உதவித்தொகை மாசம் 2000, அதுவும் 1500ல இருந்து ஏத்துனது. பக்கத்துல ஆந்திராவுல வாதம் வந்து படுக்கைல, வீல்சேர்ல இருக்கவங்களுக்கு 2024 ஜூலைல இருந்து மாசம் 15,000. மனுல இந்த ஒத்த ஒப்பீடு இருந்தாலே போதும். முதல்ல சோறு, அப்புறம் சயின்சு.

வீல்சேர்ல வைகைக்கரை:
பிசியோ அண்ணே, உங்கள மாதிரி ஆளுகளாலதான் நாங்க உசுரோட இருக்கோம், ஆனா இதுல சண்டைதான். நான் டி10, அதாவது முதுகெலும்புல நெஞ்சுப் பகுதியோட பத்தாவது எலும்பு மட்டத்துல அடி, இடுப்புக்கு மேல இருந்தே உணர்ச்சி கெடையாது. ஆராய்ச்சின்னா எலிக்கு ஊசி போடுறது மட்டுமா? எத்தன பேர் எதுல இருந்து விழுந்து இப்படி ஆகுறாய்ங்கன்னு எண்ணுறதும் ஆராய்ச்சிதான். 2016 சட்டத்துல 21 வகை ஊனம் இருக்கு, தண்டுவடத்துக்கு தனி எண் கெடையாது, கை கால் இயக்கக் குறைபாடுன்னு ஒரே மூட்டைல கட்டிப்புட்டாய்ங்க. எங்கள எண்ணாம எங்களுக்கு எப்படிப் பணம் ஒதுக்குவாய்ங்க?

அந்த அமெரிக்க சட்டமும் சேத்துத்தான் கேட்டுச்சு. மொத பாகம் ஆராய்ச்சி, ரெண்டாவது மறுவாழ்வு ஆராய்ச்சி, மூணாவது அன்றாட வாழ்க்கை. ரீவ் விழுந்தது 1995 மே, செத்தது 2004, டேனா 2006ல போய்ட்டாங்க, ஒபாமா கையெழுத்து போட்டது 2009 மார்ச் 30. அதுவும் தனியா வரல, காடு, பூங்கா, பொது நெலம்னு ஒரு பெரிய மசோதா போச்சு, அதோட சேத்து ஏத்திவிட்டாய்ங்க. கையெழுத்து ஆனதும் காசு கொட்டிறல, ஒதுக்கீட்ட வருசாவருசம் போய் கேக்கணும். இத குரூப்ல சொல்லி வைங்க, ஆறு மாசத்துல சலிச்சுப் போயிரும்.

ஜல்லிக்கட்டுக்கு 2017ல அலங்காநல்லூர்ல உக்காந்தோம், ஜனவரி 21 அவசரச் சட்டம், 23 சட்டசபைல பாஸ்னு இப்பயும் பெருமையா பேசுவாய்ங்க. நம்மளால அப்படி உக்கார முடியாது, நாள்பூரா ஒரே எடத்துல உக்காந்தா புண்ணு வந்துரும். அதனால எம்எல்ஏவ வீட்டுக்குக் கூப்புடுங்க. ஆபீஸ் மாடில இருந்தா எறங்கி வரச் சொல்லுங்க, வருவாரு. ஒரு வீட்டுல கால் மணி நேரம் நிப்பாட்டி, புண்ணுக்கு மருந்து கட்டுறத பாக்க வைங்க, பேச வேண்டியதே இல்ல. சித்தியப் பேச விடுங்க, குரூப் அட்மின் பேச வேணாம்.

நம்மூரு உதாரணமும் போடுங்க. 1954ல கார் விபத்துல இடுப்புக்கு கீழ போன டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேர்ல இருந்தே ஆபரேசன் பண்ணி, வேலூர் சிஎம்சில மறுவாழ்வுப் பிரிவ வளத்தவங்க. ஆய்க்குடி அமர் சேவா சங்கம் 1981ல ஆரம்பிச்ச ராமகிருஷ்ணன் ஐயா கழுத்துக்கு கீழ அசைவில்லாதவரு. தென்காசி இங்கிட்டு இருந்து ஒரு பஸ்ஸு.

திருமங்கலம் அக்கா:
ஒரு சின்ன யோசனை. நியூஜெர்சில டிராபிக் அபராதத்துல ஒரு டாலர தண்டுவட ஆராய்ச்சிக்கு எடுக்குறாங்க, 1999 சட்டம். நம்ம ஊர்ல ஹெல்மெட் போடலன்னா ஆயிர ரூபா, காளவாசல்ல நின்னு பாத்தா தெரியும் எம்புட்டு வசூல்னு. அதுல கொஞ்சம் இங்கிட்டு திருப்பச் சொல்லலாமே. பைக்ல விழுந்தவனுக்கு பைக்காரன் காசு.

மேலூர்க்காரன்:
அக்கா, இத கட்டாயம் சேக்குறோம். வக்கீல் அண்ணே, அப்ப மனுல நாலு கேட்டுட்டா போதுமா: 48 மணி நேரத்துக்கு அப்புறம் வீட்டுப் பராமரிப்புக்கு தனித் தொகை, உதவித்தொகைய ஆந்திரா அளவுக்கு, ஒன்றிய வாரியா கணக்கெடுப்பு, அபராதத்துல ஒரு பங்கு. எம்பிகிட்ட ஒண்ணுமே கேக்க வேணாமா?

ஆனையூர் வக்கீல்:
எம்பி தொகுதி நிதில வீல்சேர், மூணு சக்கர வண்டி வாங்கலாம், அத மட்டும் கேளுங்க. மத்தத மாற்றுத்திறனாளிகள் நலத்துறை மானியக் கோரிக்கை (சட்டசபைல அந்தத் துறைக்கு பணம் ஒதுக்குற விவாதம்) வர்றதுக்கு முன்னாடி எம்எல்ஏ கையில குடுங்க, எதிர்க்கட்சி எம்எல்ஏவுக்கும் ஒரு காப்பி, சட்டமன்ற மனுக்கள் குழுவுக்கு ஒண்ணு. திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்லயும் போட்டு வைங்க, பெருசா ஒண்ணும் நடக்காது, ஆனா ஒரு நம்பர் குடுப்பாய்ங்க, அது இல்லாம திரும்பி வராதீங்க. ரெண்டு பக்கத்துக்கு மேல எழுதுனா எவனும் படிக்க மாட்டான். டிராப்ட் இங்க போடுங்க, பாத்து தர்றேன், பீசு வேணாம்.