மெல்லக் கேடு செய்யும் பூச்சிமருந்து: உங்கள் கால்நடைகளில் கண்டதைப் பகிருங்கள்

பருத்திக்காடு (பெரம்பலூர்)

பருத்தி எடுத்து முடிந்த காட்டில் மாடு மேய்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எங்கள் பசுவுக்கு ஒருநாளும் வாயில் நுரை தள்ளவில்லை, உடல் நடுங்கவில்லை. பால் வற்றியது, முடி சொரசொரத்தது, தீனியில் நாட்டம் போயிற்று, அவ்வளவுதான். அது இறந்த பிறகு கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது, ஈரல் கருஞ்சிவப்பாக இல்லாமல் களிமண் மஞ்சளாக இருந்தது. அவர் கட்டைவிரலால் லேசாக அழுத்தியதும் விரல் அப்படியே உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணை விட்டு அகலவில்லை. கொழுப்புப் படிந்து ஈரல் செல்கள் மடிந்திருப்பதாகத் திசு ஆய்வு சொன்னது. அந்தக் காட்டில் பருவம் முழுவதும் அடித்தவை மோனோகுரோட்டோபாஸும் புரோபனோபாஸும்தான்.

ஆட்டுப்பட்டி

அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஈரல் மஞ்சளாக இருந்ததை மட்டும் வைத்து மருந்தின் மேல் பழி போட முடியாது. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் உண்டாகும் அப்லடாக்சின் என்னும் நஞ்சும் ஈரலை இப்படித்தான் கெடுக்கும். உண்ணிச்செடியைத் தின்றாலும் ஈரல் கெடும். எங்கள் ஆடு இறந்தபோது பக்கத்து வயலில் அடித்த மருந்தைத்தான் எல்லோரும் ஏசினோம். ஈரலை அறுத்தால், தடித்துப்போன பித்தக்குழாய்களுக்குள்ளிருந்து இலை வடிவத் தட்டைப்புழுக்கள் வெளியே வந்தன.

எல்லைக்கல்

ஆட்டுப்பட்டி நண்பர் சொல்வது நியாயம்தான். ஆனால் ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியே சான்று கேட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் காசர்கோடு இருக்கிறது. அங்கே முந்திரித் தோட்டங்களின் மேல் 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்தைத் தெளித்தார்கள்; உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது 2011 மே மாதத்தில்தான். எலிகளுக்கு அந்த மருந்தைச் சிறிய அளவில் நெடுநாள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் சிறுநீரகம் கெட்டது முன்பே தெரிந்த செய்தி. தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில் நான் பார்த்த கன்று, முன்னங்கால்கள் உட்புறமாக மடங்கியிருந்ததால் முழங்காலை ஊன்றி ஊன்றியே தாயின் மடிக்கு வந்தது. அந்த வீட்டு அம்மா எதுவும் சொல்லாமல் அதைத் தூக்கிப் பிடித்துப் பால் குடிக்க வைத்தார்.

உண்ணி வைத்தியம்

நான் பார்த்தது ஒரு நாட்டு நாய். பயிருக்கு அடிக்கும் குளோர்பைரிபாஸைத் தண்ணீரில் கலந்து, உண்ணிக்காக அதை வாரந்தோறும் குளிப்பாட்டியிருந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தபோது ஈறு வெளுத்து, சிறுநீரகம் கெட்டால் வரும் சிறுநீர் வாடை வாயில் வீச, தண்ணீர்ச் சட்டியின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி குடிக்காமல் நின்றது.

இனி எல்லோருக்கும் சில சொல்ல வேண்டும். சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகே சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் இரத்தத்தில் உயரும் என்பதால், அந்த அளவு சரியாக இருப்பதை மட்டும் நம்பி நிம்மதி அடையக் கூடாது. மாட்டின் ஈரலைப் பற்றி அறிய ஏஎல்டி (ALT) என்னும் இரத்த நொதிச் சோதனை உதவாது. ஜிஜிடி (GGT), ஏஎஸ்டி (AST) என்னும் நொதிகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பாஸ்பரஸ் வகை மருந்தாக இருக்கும் என்று சந்தேகித்தால், விலங்கு உயிரோடு இருக்கும்போதே இரத்தத்தை, அது உறையாமல் காக்கும் ஹெப்பாரின் உள்ள குழாயில் எடுத்து, குளிர்ச்சியாகவே அனுப்பி, இந்த வகை மருந்து முடக்கும் நரம்பு நொதியான கோலினெஸ்டரேஸின் சோதனை செய்ய வேண்டும். பெரம்பலூர் அண்ணனுக்கும் ஆட்டுப்பட்டி நண்பருக்கும் உள்ள வழக்கைத் தீர்க்க வழி உண்டு: ஈரல், சிறுநீரகத் துண்டுகளில் ஒரு பகுதியைத் திசு ஆய்வுக்காகப் திசு அழுகாமல் காக்கும் பத்து சதவீத பார்மலின் கரைசலிலும், மற்றொரு பகுதியை மருந்தின் எச்சத்தைக் கண்டறிவதற்காகப் பார்மலின் படாமல் பனிக்கட்டியிலும் வைத்து அனுப்ப வேண்டும், மேய்ந்த தழையையும் தின்ற புண்ணாக்கையும் கூடவே அனுப்பினால் மருந்தா பூஞ்சணமா என்று பிரித்தறிய உதவும். வீட்டில் பூனை இருந்தால், நாய்க்கென்று விற்கும் பெர்மெத்ரின் என்னும் உண்ணி மருந்தை அதன் மேல் ஒரு துளியும் பட விடாதீர்கள். அதன் ஈரலால் அந்த மருந்தைச் சரியாகச் சிதைத்து வெளியேற்ற முடியாது.