வேண்டாத மெசேஜுக்கு என்ன பதில் போடுவீர்கள்?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து:
எம்.சி. ரோட்டில் புடவைக் கடையில் வேலை. புது ஸ்டாக் போட்டோ அனுப்புவதற்காக வாட்ஸ்அப் நம்பரைக் கார்டில் அடித்துக் கொடுக்கிறோம். புடவை விசாரிப்பவர்கள் பாதி, ரோஜாப்பூவோடு குட்மார்னிங் சொல்பவர்கள் பாதி. ஆடித் தள்ளுபடியில் மனைவிக்குப் பட்டு எடுத்துப் போன ஒருத்தர், ராத்திரி பதினொன்றுக்கு "ஃப்ரெண்ட்ஸா இருக்கலாமா?" என்று அனுப்பினார். காலையில் கடை திறந்த பிறகுதான் பதில் போட்டேன். ராத்திரியே போட்டால், அந்த நேரத்திலும் பேச ஆள் உண்டு என்று ஆகிவிடும். "இது கடை நம்பர் சார். புடவை விஷயம் மட்டும் பேசுங்க." அவ்வளவுதான். சாரி, தப்பா நினைக்காதீங்க, கும்பிடு எமோஜி எதுவும் கிடையாது. நான் எதற்கு சாரி சொல்ல வேண்டும்? உடனே வந்தது, "சும்மா கேட்டேன் சிஸ்டர்." ராத்திரி வரைக்கும் சிஸ்டர் இல்லை, விடிந்ததும் சிஸ்டர்! ஸ்க்ரீன்ஷாட்டை முதலாளியிடம் காட்டிவிட்டு பிளாக் செய்தேன்.

பெரம்பூரிலிருந்து:
முகம் தெரியாதவரை பிளாக் செய்துவிடலாம். ஒரே தெருக்காரரை என்ன செய்வது? சீட்டில் சேரச் சொல்லி ஒரு அக்கா விடாமல் மெசேஜ் போட்டார். "இப்ப கையில காசு இல்லை, தீபாவளி கழிச்சுப் பார்க்கலாம்" என்று என் வீட்டுக்காரர் அனுப்பிவைத்தார். தீபாவளிக்கு மறுநாளே, "என்ன தம்பி, சேர்ந்துக்கிறீங்களா?" காரணம் சொன்னால் அதற்கு ஒரு தீர்வோடு வருவார்கள். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேட்கக் கை துறுதுறுத்தது. ஆனால் தண்ணீர் லாரி வந்தால் பக்கத்தில்தானே குடத்தோடு நிற்க வேண்டும்! "அக்கா, நாங்க சீட்டு போடுறதில்லை. கோவிச்சுக்காதீங்க" என்று முடித்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் சரியாகிவிட்டது.

திருவொற்றியூரிலிருந்து:
சில மெசேஜுக்கு 'வேண்டாம்' என்றுகூடப் பதில் போடக் கூடாது. "பில் கட்டாததால் இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணை அழையுங்கள்" என்று அப்பாவுக்கு ஒரு பத்து இலக்க செல் நம்பரிலிருந்து வந்தது. கடிதம் வந்தால் பதில் எழுதுவதுதான் மரியாதை என்று வளர்ந்தவர். "ஐயா வணக்கம், பில் கட்டியாயிற்று" என்று டைப் செய்துகொண்டிருந்தார். போனைப் பிடுங்கிவிட்டேன். பதில் போனால், இந்த நம்பரில் ஆள் இருக்கிறது என்று மோசடிக்காரனுக்கு உறுதியாகிவிடும். விளம்பரத் தொல்லை என்றால் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். பணமே போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

நிறுவனங்கள் அனுப்பும் எஸ்எம்எஸ்ஸில் அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்க்கவும் சொல்லிக் கொடுத்தேன். பி (P) என்றால் விளம்பரம், எஸ் (S) சேவை, டி (T) பரிவர்த்தனை, ஜி (G) அரசாங்கம். அப்பா எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப ஜி-க்கு மட்டும் பதில் போடலாமா?" என்றார். போட்டாலும் போகாதுப்பா என்றேன். நம்பவில்லை, ஒரு வணக்கம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.