திருச்சி – பலாலி: 184 கி.மீ.க்கு ஒரு மணி நேரமா?

உறையூரான்:
திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 184 கி.மீ. 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ இந்தத் தடத்தைத் தொடங்கியது. அட்டவணையில் பயண நேரம் ஏறத்தாழ ஒரு மணி. மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானத்துக்கு 22 நிமிடம் போதாதா? இரு நாட்டிலும் கடிகாரம் ஒன்றுதான், எனவே நேர வித்தியாசம் என்ற சமாதானமும் செல்லாது. குடியேற்றச் சோதனைக்கு முன்கூட்டியே போய் நிற்பதையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும். நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலே மேல் என்பேன்.

ஓடுபாதை:
வகுத்துப் பார்த்தால் விடை வராது ஐயா. 500 என்பது உயரத்தை எட்டிச் சமமாகப் பறக்கும்போது கிடைக்கும் வேகம். ஏறும்போது வேகம் அதைவிட நன்றாகவே குறைவு. இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறி முடித்த கையோடு இறங்கத் தொடங்க வேண்டும். மேலும், அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டுமல்ல. திருச்சியில் விமானம் நகரத் தொடங்கியது முதல் பலாலியில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை எல்லாம் அதில் அடங்கும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, காற்றுக்கு எதிராக இறங்குவதற்காகச் சுற்றி வருவது, தாமதத்தை ஈடுகட்ட நிறுவனம் கூட்டிப் போடும் சில நிமிடங்கள். சென்னை – பலாலி சுமார் 354 கி.மீ., ஏறக்குறைய இரு மடங்கு. ஆனால் பயண நேரம் இரு மடங்காவதில்லை. காரணம் இதுதான்.

வடமராட்சி:
நிமிடக் கணக்குப் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறீர்கள். 2019 வரை எங்களுக்கு வழி கொழும்புதான். கட்டுநாயக்காவில் இறங்கி, இரவு முழுவதும் பஸ்ஸில் வடக்கே வர வேண்டும். கண் சிகிச்சை முடிந்த என் அம்மாவை அப்படித்தான் அழைத்து வந்தேன். பலாலி திறந்தது, 2020 மார்ச்சில் சேவை நின்றது, 2022 டிசம்பரில்தான் சென்னை விமானம் திரும்பியது. இப்போது திருச்சியில் ஏறினால் அன்றே வீட்டில் சாப்பிடலாம். ஒரு மணி நேரம் அதிகம் என்கிறீர்களே!

உறையூரான்:
உங்கள் அம்மாவுக்கு விமானம்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நாகை, காரைக்கால்காரர்களைப் பற்றியும் யோசியுங்கள். மேற்கே மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்து, திரும்பக் கிழக்கே பறப்பதா? அவர்கள் வாசலிலிருந்தே கடல்வழி சுமார் 110 கி.மீ., நான்கு மணி நேரம்.

ஓடுபாதை:
கப்பல் ஓடும் நாளில் சரி. 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய சேவை அதே மாதம் வானிலையால் நின்றது. 2024 ஆகஸ்டில்தான் மீண்டது. வடகிழக்குப் பருவமழையில் பாக் நீரிணையை நம்பித் திருமணத்துக்குத் தேதி குறிப்பீர்களா?

வடமராட்சி:
கார்த்திகை, மார்கழியில் நான் குறிக்க மாட்டேன். சித்திரைக்குக் கப்பலில் வரலாம்.

உறையூரான்:
சித்திரையில் கப்பலில்தான் வருகிறேன். காங்கேசன்துறையிலிருந்து யாழ் நகரத்துக்கு ரயில் நேரம் தெரிந்தால் சொல்லுங்கள்.