கார்வெட் சி8: இசட்51 பேக்கேஜ் உள்ள காருக்கு 6,000 டாலர் கூடுதலாகக் கொடுக்கலாமா?

கொலம்பஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரில் வசிக்கிறேன். நெடுநாள் விருப்பமான செவர்லே கார்வெட் ஸ்டிங்ரே சி8 காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்க முடிவு செய்து, 2022ஆம் ஆண்டுக் கார்கள் இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதல் காரில், பந்தயத் தடத்துக்கு ஏற்ற பாகங்களின் தொகுப்பான இசட்51 பேக்கேஜ் இல்லை. பெர்ஃபார்மன்ஸ் எக்ஸாஸ்ட் (திறனைக் கூட்டும் புகைபோக்கி அமைப்பு) மட்டும் தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது, கார் குறைவாகவே ஓடியிருக்கிறது. இரண்டாவது காரில் இசட்51 பேக்கேஜும், சாலைக்கேற்பத் தன் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் மேக்னெட்டிக் ரைட் சஸ்பென்ஷனும் உள்ளன. விலை ஏறத்தாழ 6,000 டாலர் அதிகம்.

மார்ச் முதல் நவம்பர் வரை வாரத்தில் சில நாட்கள் அலுவலகத்துக்கு ஓட்டுவேன். கோடையில் இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் மிட்-ஒஹாயோ பந்தயத் தடத்தில் நடக்கும் பயிற்சி நாட்களில் கலந்துகொள்ளவும் ஆசை. இதுவரை தடத்தில் ஓட்டிய அனுபவம் இல்லை. விற்பனையாளர் ஒருவர், இசட்51 என்றால் எஞ்சினே வேறு என்கிறார்; இன்னொருவர், அது வெறும் ஸ்பாய்லரும் ஐந்து குதிரைத்திறனும்தான் என்கிறார். உண்மையில் அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, அதில் எதையெல்லாம் பின்னால் நானே சேர்த்துக்கொள்ள முடியும் என்பதை அறிந்தவர்கள் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

வளைவுப்பாதை

வணக்கம் நண்பரே. முதலில் எஞ்சின் விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். இரண்டு கார்களிலும் இருப்பது அதே 6.2 லிட்டர் எல்டி2 வி8 எஞ்சின், அதே எட்டு வேக இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். பேக்கேஜ் இல்லாத காருக்கு 490 குதிரைத்திறன், இசட்51 காருக்கு 495 என்று நிறுவனம் குறிப்பிடுவதில் உள்ள அந்த ஐந்தும் எக்ஸாஸ்ட்டிலிருந்து வருவது. உங்கள் முதல் காரில் அந்த எக்ஸாஸ்ட் ஏற்கெனவே இருப்பதால், திறனைப் பொறுத்தவரை இரண்டும் சமம். ஆகவே குதிரைத்திறனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அதன்பின் மிஞ்சுவதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் விலைக்கு விடை கிடைக்கும். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் கோடை டயர்கள், முன்பக்கத்தின் அடியில் நீளும் தகடான ஸ்பிளிட்டர், பின்பக்க ஸ்பாய்லர் ஆகியவை எப்போது வேண்டுமானாலும் வாங்கிப் பொருத்தக்கூடியவை. டயர் அளவுகூட இரு கார்களுக்கும் ஒன்றேதான், முன்னால் 245/35 இசட்ஆர்19, பின்னால் 305/30 இசட்ஆர்20. பெரிய பிரெம்போ பிரேக்குகளையும் செலவு பார்க்காமல் செய்தால் பொருத்திவிடலாம். ஆனால் மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் அமைப்பு), 4.89க்குப் பதிலாக, வேகமெடுப்பைக் கூட்டும் 5.17 என்ற இறுதி கியர் விகிதம், கூடுதல் ரேடியேட்டருடன் கூடிய குளிர்விப்பு அமைப்பு ஆகிய மூன்றும் கியர்பாக்ஸின் உள்ளேயும் காரின் கட்டமைப்போடும் பிணைந்தவை. இவற்றைப் பின்னால் சேர்க்க ஆகும் செலவில், இசட்51 காரையே வாங்கிவிடலாம்.

டிஃபரன்ஷியலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் இதைத்தான் மிகக் குறைவாகப் பேசுகிறார்கள். சாதாரணக் காரில் உள்ள மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் தனக்கு வகுக்கப்பட்ட ஒரே இயல்புடன்தான் வேலை செய்யும். இசட்51 காரிலோ, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதைக் கணினி நொடிக்கு நொடி தீர்மானிக்கிறது. வளைவுக்குள் நுழையும்போது தளர்த்திக் காரைத் திரும்ப விடுகிறது. வெளியேறும்போது இறுக்கி, இரண்டு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்கிறது. மிட்-ஒஹாயோவில் கீஹோல் என்று அழைக்கப்படும் நீண்ட வளைவை முடித்துக்கொண்டு பின்பக்க நேர்பாதைக்குள் நுழையும் இடத்தில் இதன் பயனை நீங்களே உணர்வீர்கள். எவ்வளவு சீக்கிரம் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க முடிகிறதோ, அந்த நேர்பாதை முழுவதும் அவ்வளவு வேகம் கூடுதலாகக் கிடைக்கும்.

வாரயிறுதி ஓட்டுநர்

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தோடு எனக்கு முரண்பாடு இல்லை. எனினும் பந்தயத் தடத்தை ஒதுக்கிவிட்டுச் சாலையை மட்டும் பார்த்தால் நிலைமை வேறு. இசட்51 இல்லாத காரை ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பூஜ்ஜியத்திலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட நிறுவனம் சொல்லும் 2.9 வினாடிக்கும் 3.0 வினாடிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொதுச்சாலையில் எவரும் உணர முடியாது. உச்ச வேகத்தில் சாதாரணக் கார்தான் முந்துகிறது; அது 194 மைல், இசட்51 கார் 184 மைல். காற்றழுத்தத்தால் காரைத் தரையோடு அழுத்தும் ஸ்பாய்லரும் ஸ்பிளிட்டரும் காற்றின் எதிர்ப்பையும் கூட்டுவதே இதற்குக் காரணம்.

ஒஹாயோவில் இருப்பவர் டயர் விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கோடை டயர்களின் ரப்பர் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிப் பிடிமானத்தை இழக்கிறது. மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே அவற்றை ஓட்டவோ, அந்தக் குளிரில் காரை நிறுத்தி வைக்கவோ கூடாது, ரப்பரில் வெடிப்பு விழலாம் என்று எச்சரிக்கிறார்கள். நீங்கள் மார்ச்சிலேயே காரை எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள்; கொலம்பஸில் மார்ச் மாதக் காலை எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். சாதாரணக் காரோடு வரும் ஆல் சீசன் டயரில் இந்தத் தொல்லை இல்லை. தடத்துக்குப் போகும் எண்ணம் உறுதியாக இல்லையென்றால், முதல் காரை எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தைப் பராமரிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை.

பணிமனைக்காரர்

இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முந்தைய தலைமுறையான சி7 காரில், வளைவுகளில் எஞ்சின் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்காமல் காக்கும் டிரை சம்ப் அமைப்பு ஸ்டிங்ரேயில் இசட்51 எடுத்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அந்தக் காலத்து அறிவுரை இன்னும் பலர் வாயில் சுற்றிவருகிறது. எஞ்சினே வேறு என்று உங்களிடம் சொன்னவர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். சி8 கார்கள் அனைத்திலும் டிரை சம்ப் உண்டு என்பதால், அதற்காக இசட்51 எடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது, நீங்கள் பார்த்த கார் உண்மையிலேயே இசட்51 தானா என்பதை உறுதி செய்துகொள்வது. ஸ்பாய்லரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதைத் தனியாக வாங்கிப் பொருத்தியவர்கள் ஏராளம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு மூடும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கும் லேபிளில் க்யூஆர் குறியீடு இருக்கும். அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்தால், அந்தக் காரைத் தொழிற்சாலையில் கட்டியபோது சேர்த்த எல்லாவற்றின் குறியீடுகளும் வரிசையாக வரும். இசட்51, பிரேக்குக்கான ஜே55, குளிர்விப்புக்கான வி08, மேக்னெட்டிக் ரைட் சேர்ந்த சஸ்பென்ஷனுக்கான எப்இ4 ஆகியவை அதில் இருக்க வேண்டும். நேரில் பார்க்கும்போது, பின்சக்கர டயர்களின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். உள்பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், முன்னாள் உரிமையாளர் தடத்துக்கு ஏற்றவாறு அலைன்மெண்ட் (சக்கரங்களின் கோணம்) வைத்து ஓட்டியிருக்க வாய்ப்புண்டு. அதுவே குறையாகிவிடாது, ஆனால் பேரம் பேசும்முன் தெரிந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸின் ஃபில்டரை முதல் 7,500 மைலில் மாற்றியதற்கான ரசீதையும் தவறாமல் கேளுங்கள்.

கொலம்பஸ்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பணிமனைக்காரர் ஐயா சொன்னபடி லேபிளின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கினேன்; நான்கு குறியீடுகளும் இருக்கின்றன. என் கராஜில் ஹீட்டர் இல்லை. பயிற்சி நாட்களுக்குப் போவது உறுதி. ஒரு முறை பார்த்துவிட்டு நிறுத்துவதற்காக இந்தக் காரை வாங்கவில்லை. இன்னும் ஒரே ஒரு ஐயம்: தடத்துக்குப் புதியவனான நான், முதல் காரை வாங்கிக் கோடை டயரும் நல்ல பிரேக் பேடும் போட்டுக்கொண்டால் போதாதா?

வளைவுப்பாதை

தொடக்கத்துக்குப் போதும். பயிற்சியாளர் பக்கத்தில் அமர்ந்திருக்க, இருபது நிமிடச் சுற்றுகளாக ஓட்டும் காலத்தில் சாதாரணக் காரின் எல்லையை நீங்கள் தொட மாட்டீர்கள். நல்ல பேடும், புதிதாக மாற்றிய பிரேக் திரவமும் இருந்தால் கவலையில்லாமல் ஓட்டலாம். திரவத்தை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள்; அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை குறையும், தடத்தின் சூட்டில் கொதித்துவிட்டால் பெடல் தரைவரை இறங்கிவிடும்.

ஆனால் நீங்கள் முன்னேறுவீர்கள், அங்கேதான் சிக்கல். ஜூலை மாத வெயிலில், வேகம் கூடிய பிறகு, சூட்டை வெளியேற்றும் வழி போதாமல் வெப்பநிலை ஏறினால், கார் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே திறனைக் குறைக்கும். நீங்களும் வேகத்தைத் தணித்துச் சுற்ற நேரிடும். சாதாரணக் காரின் முன் பிரேக் தட்டு 12.6 அங்குலம், இசட்51இல் 13.3 அங்குலம், அதோடு முன் பிரேக்குகளுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் வழிகளும் தனியாக உண்டு. அந்தப் பின்பக்க நேர்பாதையின் முடிவில் ஒவ்வொரு சுற்றிலும் அழுத்தி மிதிக்கும்போது, இந்த வித்தியாசம்தான் பெடலின் உறுதியாகக் காலுக்குத் தெரியும்.

விலையையும் பார்ப்போம். புதிதாக வாங்கியபோது இசட்51க்கு 2020இல் 5,000 டாலர், அடுத்த ஆண்டில் 5,995 டாலர் என்று வைத்திருந்தார்கள். மேக்னெட்டிக் ரைட்டுக்குத் தனிக் கட்டணம். அப்படியிருக்க, இரண்டும் சேர்ந்த காருக்கு 6,000 டாலர் கூடுதல் என்பது நியாயமான விலை. உங்கள் நிலையில் நான் இருந்தால் இசட்51 காரைத்தான் எடுப்பேன். அதே அளவில் ஆல் சீசன் டயர்களையும் ஒரு செட் வாங்கி, வீட்டுக்குள் வைத்துக்கொள்வேன். கராஜில் ஹீட்டர் இல்லை என்றதால் சொல்கிறேன், நவம்பரிலேயே அவற்றை மாட்டிவிட்டுக் கோடை டயர்களை வீட்டின் அடித்தள அறைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வழக்கமான வாகனக் காப்பீடுகள் பெரும்பாலும் தடத்தில் நேரும் சேதத்தை ஏற்பதில்லை. ஒரு நாளுக்கென்று தனிக் காப்பீடு கிடைக்கும், அதையும் எடுங்கள்.

வாரயிறுதி ஓட்டுநர்

தடத்துக்குத் தொடர்ந்து போவது உறுதி என்று எழுதியபின், என் ஆலோசனையை மாற்றிக்கொள்கிறேன். இசட்51 காரையே எடுங்கள். அதில் இப்போது மாட்டியிருக்கும் டயர்கள் எந்தக் குளிர்காலத்தை எங்கே கழித்தன என்று மட்டும் கேளுங்கள்.

கொலம்பஸ்வாசி

அவ்வாறே செய்கிறேன். முன்பணம் கட்டும்முன் டயர்களின் பக்கவாட்டில் விரிசல் உண்டா என்று பார்த்துவிட்டு, தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்க எண்ணையும் கியர்பாக்ஸ் ஃபில்டர் ரசீதையும் இங்கே பதிவிடுகிறேன். ஃபில்டர் மாற்றவில்லை என்றால், விற்பவர் செலவிலேயே மாற்றித் தரச் சொல்லிக் கேட்பேன்.