சூடேறினால்தான் ரிசீவர் ஆன் ஆகுது: உப்பின கெப்பாசிட்டர் 870 காட்டுதே, மாத்தணுமா?

டிஷ்மூலை:
டிவிபி-எஸ்2 (சாட்டிலைட் டிஷ்) ரிசீவர். பவர் போட்டதும் சிவப்பு எல்இடி மினுக்கிட்டே நிக்குது, பூட் ஆகலை. பத்து நிமிஷம் பிளக்கிலேயே விட்டால் தானா வந்துடுது. வந்த பிறகும் வெர்ட்டிகல் (செங்குத்து அலை) சேனல் எல்லாம் சுத்தம், ஹாரிசான்டல் (கிடை அலை) மட்டும் கட்டம் கட்டமா உடையுது. 5 வோல்ட் லைன் 4.6-க்கும் 4.9-க்கும் நடுவில் ஆடுது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் 10 வோல்ட் கெப்பாசிட்டர் ஒண்ணு தலை லேசா உப்பியிருக்கு. கழட்டி மல்டிமீட்டரில் வச்சால் 870 காட்டுது. 20 சதவீத டாலரன்ஸுக்குள்தானே இருக்கு? அப்போ கோளாறு வேற எங்கேயாவதா? கையில் 1000/16, 2200/10 ரெண்டும் இருக்கு.

ஈயப்புகை:
கோளாறு அதேதான். 870-ஐ நம்பாதீங்க. மல்டிமீட்டர் கொள்ளளவை ரொம்பக் குறைஞ்ச அதிர்வெண்ணில்தான் அளக்கும். எஸ்எம்பிஎஸ் (ரிசீவருக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஓடுறது பல பத்து கிலோஹெர்ட்ஸில். அங்கே முக்கியம் ஈஎஸ்ஆர், அதாவது கெப்பாசிட்டருக்குள்ளேயே இருக்கும் தொடர் மின்தடை. புது லோ ஈஎஸ்ஆர் 1000 மைக்ரோஃபாரட் 0.1 ஓமுக்குக் கீழே இருக்கும். உள்ளே எலக்ட்ரோலைட் காயக் காய அது ஏறும். அரை ஓம் ஆயிட்டால், 2 ஆம்பியர் ரிப்பிள் கரண்ட்டுக்கு 1 வோல்ட் ரிப்பிள், அதாவது வோல்டேஜ் ஏற்ற இறக்கம். மீட்டர் சராசரியைத்தான் காட்டும். பிராசஸருக்கு அந்தப் பள்ளம் ஒவ்வொண்ணும் ரீசெட்.

சூடானால் ஓடுறதுக்கும் இதுதான் காரணம்: எலக்ட்ரோலைட் சூடேறினால் ஈஎஸ்ஆர் இறங்கும். பழைய கெப்பாசிட்டர் போர்டில் இருக்கும்போதே உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கி, அதன் தலையில் மட்டும் ஹேர் டிரையரைக் காட்டி, சூடு ஆறுறதுக்குள் பவர் போட்டுப் பாருங்க. உடனே பூட் ஆனால் சந்தேகமே வேண்டாம்.

1000/16 போடுங்க, ஆனால் அதில் 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் ரெண்டும் இருக்கணும். 85 டிகிரி சாதா ரகம் போட்டால் சீக்கிரமே திரும்பவும் இதே நிலைமை. வோல்ட் ரேட்டிங் கூடலாம், குறையக் கூடாது. 2200 வேண்டாம்: சின்ன சப்ளை ஆன் ஆகும்போது அதை நிரப்பவே திணறி, ஓவர்லோட் பாதுகாப்பில் நின்னு நின்னு துடிக்கும். உயரமும் பாருங்க, மூடி இடிக்கக் கூடாது. கால் இடைவெளி 10 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 5, 8-க்கு 3.5.

உப்பினதோடு சின்ன காயில் வழியா இன்னொரு கெப்பாசிட்டர் சேர்ந்திருக்கும், அதையும் மாத்துங்க. டயோடுக்கு அடுத்தது ரிப்பிள் முழுக்க வாங்கி முதலில் சாகும். ரெண்டாவது வெளியே நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் அதே வயசுதான்.

சீரிஸ்பல்பு:
திரும்பக் கை வைக்கும் முன்னாடி பிரைமரி (மெயின்ஸ் வரும்) பக்கத்து 400 வோல்ட் கெப்பாசிட்டரைப் பாருங்க. 230 வோல்ட் மெயின்ஸில் அதில் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் இருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் பண்ற பழக்கம் வேண்டாம், டிராக் (போர்டின் செம்புக் கோடு) பொசுங்கும். 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் பண்ணின வயரில் பிடிச்சு சில நொடி வச்சால் இறங்கிடும். மீட்டரில் பார்த்து உறுதி பண்ணிட்டுத் தொடுங்க.

இந்தப் போர்டுகளில் பெரும்பாலும் ஈயமில்லா சால்டர், லேசில் உருகாது. புது ஈய சால்டரைக் கொஞ்சம் அதன்மேல் ஏத்தி உருக்கிட்டு பம்பால் உறிஞ்சுங்க. மைனஸ் கால் பெரிய கிரவுண்ட் செம்பில் இருக்கும், 25 வாட் அயர்ன் அங்கே திணறும், 60 வாட் எடுங்க. காலை ஆட்டி இழுத்தால் பேட் உரிஞ்சு வரும். அடியில் கசிவு இருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைங்க. பழுப்பாப் போன பசை ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்க, அது பழசானால் கரண்ட் கசியும், டிராக்கையும் அரிக்கும்.

கெப்பாசிட்டரில் வெள்ளைப் பட்டை மைனஸ். போர்டில் நிழலிட்ட பாதி பெரும்பாலும் மைனஸ், ஆனால் எல்லாப் போர்டும் அப்படி இல்லை. கழட்டும் முன் போட்டோ எடுக்கலைன்னால், மைனஸ் துளைக்கும் டியூனரின் தகர மூடிக்கும் கன்டினியூட்டி வருதான்னு பாருங்க. திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

முதல் தடவை பவர் 60 வாட் குண்டு பல்பு சீரிஸில். ஒரு தடவை மின்னி மங்கினால் சரி. முழுசா எரிஞ்சுட்டே இருந்தால் ஷார்ட், உடனே ஆஃப்.

டிஷ்மூலை:
ரெண்டையும் மாத்தியாச்சு. 5.05 வோல்ட், அசையாம நிக்குது, போட்டதும் பூட். ஹாரிசான்டல் மட்டும் இன்னும் உடையுது. எஃப் கனெக்டர் நடு ஊசியில், கேபிள் இல்லாமல் 18.1. எல்என்பி (டிஷ் முன்னால் சிக்னல் வாங்கும் பாகம்) மாட்டினால் 15.6.

ஈயப்புகை:
எல்என்பி 13 வோல்ட்டில் வெர்ட்டிகல், 18-இல் ஹாரிசான்டல். 15.6-ன்னா ரெண்டுங்கெட்டான் நிலை, எந்தப் பக்கம் விழும்னு சொல்ல முடியாது. எல்என்பிக்குப் போற லைனில் 25 அல்லது 35 வோல்ட் போட்ட 220 / 470 கெப்பாசிட்டர் இருக்கும், அதை மாத்துங்க. சில போர்டில் 12 வோல்ட்டை எல்என்பி ஐசி ஏத்திக் கொடுக்கும், அப்படின்னால் அந்த ஐசி பக்கத்தில் இருக்கிறதைப் பாருங்க. மாத்தியும் இறங்கினால் கேபிளைச் சந்தேகப்படணும்: தண்ணி இறங்கின கனெக்டரும் கரண்ட்டை இழுக்கும். ஒரு மீட்டர் புதுக் கேபிளில் எல்என்பியை நேரா மாட்டி அளந்தால் தெரிஞ்சிடும். பவர் இருக்கும்போது கேபிளைச் சொருகாதீங்க, நடுக்கம்பி அதைச் சுத்தியிருக்கிற ஜாலியில் உரசினாலே அந்த ஐசி போகும்.

சீரிஸ்பல்பு:
மூடி போடும் முன் இன்னொண்ணு. பிரைமரி பக்கம் பிடபிள்யூஎம் ஐசி (சப்ளையை ஓட்டும் சிப்) பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் ஒண்ணு இருக்கும். இவ்வளவு சின்னது உப்பாமலே காஞ்சு போகும், கண்ணுக்குத் தெரியாது. ஓடிட்டிருக்கும்போது எந்தக் குறையும் காட்டாது, கரண்ட் போய் வந்தால் மட்டும் டிக் டிக்னு சத்தம் போட்டுக் கிளம்பாது. போர்டில் இருக்கிற எல்லாத்தையும் மாத்துன்னு சொல்ற ஆள் நான் இல்லை, ஆனால் இதை விடமாட்டேன்.