பிப்ரவரி 9, கொத்தடிமை முறை ஒழிப்பு நாள்: உறுதிமொழி தவிர வேறென்ன செய்யலாம்?

கேள்வி
செங்கல் சூளையிலிருந்து மீட்கப்பட்ட இருளர் பழங்குடிக் குடும்பங்கள் சில எங்கள் ஊராட்சியில் ஏரிக்கரையோரம் குடியிருக்கின்றன. 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை நினைவுகூரும் இந்த நாளை அவர்களோடு சேர்ந்து நடத்த எண்ணம். அவர்களையே மேடையேற்றிப் பேச வைக்கலாமா?

பதில் 1
வேண்டாம். வழக்கு நடந்துகொண்டிருந்தால் அந்தப் பேச்சின் வீடியோ எதிர்த்தரப்பு வக்கீலுக்குத்தான் உதவும். சூளையில் வாங்கிய முன்பணம் எவ்வளவு, எந்த மாதம் வாங்கியது என்பதில் சின்ன முரண் போதும், சாட்சியை உடைத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் படங்களும் கூடாது. கூட்டத்தை அவர்கள் குடியிருப்பிலேயே வையுங்கள். சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பாமல், ஊர்க்காரர்களும் அதே பந்தியில் உட்காரட்டும்.

பதில் 2
ஒரு மேசை போட்டுக் காகிதங்களைப் பாருங்கள். முதலில் விடுதலைச் சான்று, அதாவது கொத்தடிமையிலிருந்து விடுவித்ததாக அரசு தரும் சான்று. அது ஆளுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்றல்ல. கணவர் பெயரில் மட்டும் இருந்தால், கூடவே செங்கல் அறுத்த மனைவியின் நிவாரணம் விட்டுப்போகும். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவி 30,000 ரூபாய் வரை. முழுத்தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 2 லட்சம், கடும் கொடுமைக்கு உள்ளானவர்களுக்கு 3 லட்சம். இந்த முழுத்தொகை வழக்கின் முடிவைப் பொறுத்தது என்பதால், வழக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டுக் குறித்துவையுங்கள். சான்றில் 'முனியம்மா', ஆதாரில் 'முனியம்மாள்' என்றிருந்தால் பணம் வங்கியில் நின்றுவிடும், முன்கூட்டியே திருத்துங்கள். பழங்குடிச் சாதிச் சான்றும் கோட்டாட்சியர்தான் தர வேண்டும், அதற்கான மனுக்களையும் அன்றே எழுதிவிடலாம்.

கேட்டவர்
நன்றி. பழைய முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்று சூளைக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரி ஒருவர் வந்துபோகிறாராம்.

பதில் 3
1976 சட்டத்தின் பிரிவு 6-இன்படி அந்தக் கடனே இல்லை. பிரிவு 9-இன்படி அதற்காகப் பணம் வாங்குவதே குற்றம், 3 ஆண்டு வரை சிறை. அவர் வந்த தேதி, சொன்ன தொகை இரண்டையும் எழுதி ஆட்சியருக்கும் காவல் நிலையத்துக்கும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கொத்தடிமை வேலைக்கு ஈடாக முதலாளி கொடுத்த குடியிருப்பைக் காலி செய்யச் சொன்னால் பிரிவு 8 கைகொடுக்கும்.

இன்னொன்று. பிப்ரவரியில் சூளை வேலை மும்முரமாக இருக்கும். இன்னும் சிக்கியிருப்பவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வர முடியாது. முன்பணம் கைமாறுவது அதற்கு முந்தைய மழை மாதங்களில், வேலையில்லாத நேரத்தில். ஆகவே நவம்பர் 1 கிராம சபையில் ஊரக வேலைத் திட்ட அட்டையையும் மனைப்பட்டாவையும் தீர்மானமாகப் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் பெயர்கள் ஏறிய பக்கத்தை அங்கேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.